ஒரே நாளில் இரண்டு தோல்விகள்: மேலடுக்குக்கு ஏறுவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா?

2025 டிசம்பர் 20ஆம் தேதி அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இரண்டு அணிகள் தோற்று, அந்த ஆண்டுக்கான ஆட்டத்தை முடித்துக்கொண்டன. வர்ஜீனியா மாநிலத்தின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம், தேசியப் பட்டத்துக்கான பன்னிரண்டு அணிகளில் ஒன்றாக ஆரிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்குப் போய் 34-51 என்ற கணக்கில் தோற்றது. அதே நாளில் மொன்டானா பல்கலைக்கழகம், ஓரடுக்கு கீழே நடக்கும் தேசியப் போட்டியின் அரையிறுதியில், நூறாண்டுக்கு மேலாகப் பகை பாராட்டி வரும் மொன்டானா ஸ்டேட் அணியிடம் 23-48 என்று தோற்றது. முன்னது மேலடுக்குக்கு ஏறி நான்கே பருவங்கள் ஆன அணி; பின்னது ஏற வந்த அழைப்பை 2010இல் வேண்டாம் என்று சொன்ன அணி. இவற்றுக்கு இடையில், ஏறிப் பார்த்து இருபத்திரண்டு பருவங்களுக்குப் பிறகு இறங்கி வந்த ஐடஹோ பல்கலைக்கழகமும் இருக்கிறது. சிறிய கல்லூரி அணியொன்று மேலே போகலாமா என்று கேட்பவர்கள் இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலில் அடுக்குகளைப் பற்றி. கால்பந்து என்று பெயரே தவிர, இந்த ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். நாம் அறிந்த உருண்டைப் பந்து ஆட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ அமைப்பு, தன் முதல் பிரிவைக் கால்பந்துக்கு மட்டும் 1978இல் இரண்டாகப் பிரித்தது. 2006 முதல் மேலடுக்குக்கு எஃப்பிஎஸ் என்றும் கீழடுக்குக்கு எஃப்சிஎஸ் என்றும் பெயர். 2025 வரை பல்லாண்டுகளாக மேலடுக்கு அணி 85 வீரர்களுக்கு முழு உதவித்தொகை தரலாம் என்றிருந்தது. கீழடுக்கு அணிக்கு 63 பேருக்கான தொகை மட்டுமே இருந்தது, அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இந்த இருபத்திரண்டு இடங்களின் வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், அதற்குத் துணையாக வரும் பயிற்சியாளர் சம்பளம், பயணச் செலவு, பெண்கள் அணிகளுக்குச் சமமாகச் செய்ய வேண்டிய ஒதுக்கீடு எல்லாம் சேரும்போது கணக்கு வேறாகிவிடும்.

ஐரோப்பியக் கால்பந்து லீகுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வியப்பளிக்கும் செய்தி என்னவென்றால், இங்கே யாரும் வென்று மேலே ஏற முடியாது. கீழடுக்கில் 2011 முதல் 2024 வரையிலான பருவங்களில் பத்துப் பட்டங்களை அள்ளிய நார்த் டகோட்டா ஸ்டேட்டுக்கும் அந்தப் பட்டங்களால் மட்டும் மேலிடம் தானாக வந்துவிடவில்லை. மேலடுக்கில் உள்ள ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள் அட்டவணை போட்டு ஆடும் பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளின் கூட்டு, முறைப்படி அழைத்தால்தான் ஏற முடியும். அழைப்பு வந்த பிறகு என்சிஏஏவுக்குக் கட்ட வேண்டிய விண்ணப்பக் கட்டணம் 5,000 டாலராக இருந்தது; 2023இல் அதை 50 லட்சம் டாலர் ஆக்கினார்கள். அதோடு எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துக் குறைந்தது 210 உதவித்தொகைகளும், அதற்கு ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் செலவும் காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். ஆகவே ஏறுவதா வேண்டாமா என்ற விவாதத்தில் அணியின் வலிமையைவிட, அழைக்கும் கான்ஃபரன்ஸ் எது, அது எத்தனை நாள் நிலைக்கும் என்பதற்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு ஐடஹோவின் கதையைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஐடஹோ பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயர் மாஸ்கோ. ரஷ்யத் தலைநகரின் பெயரைக் கொண்ட, ஏறத்தாழ 25,000 பேர் வாழும் சிற்றூர். அதன் அணி ஆடும் கிப்பி டோம் என்ற கூரையிட்ட அரங்கில் 16,000 பேர்தான் உட்கார முடியும். 1996இல் இந்த அணி மேலடுக்குக்கு ஏறியபோது, அதே மாநிலத்தின் தலைநகரில் உள்ள பாய்சி ஸ்டேட் அணியும் அதே ஆண்டில், அதே பிக் வெஸ்ட் கான்ஃபரன்ஸுக்குள் ஏறியது. அன்றைக்கு யாரிடமாவது எது தழைக்கும் என்று கேட்டிருந்தால் ஐடஹோவைச் சொல்லியிருப்பார்கள். 1982 முதல் 1993 வரை தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் பாய்சியை அது தோற்கடித்திருந்தது. ஏறிய பிறகு நடந்தது நேர்மாறு. 1999 முதல் 2010 வரை தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் பாய்சி வென்றது, அதன்பின் இரண்டு அணிகளும் மோதிக்கொள்வதே நின்றுபோனது. ஒரே மாநிலத்திலிருந்து ஒரே ஆண்டில் ஒரே கதவு வழியாகப் போன இரண்டு அணிகள் இவ்வளவு வேறுபட்ட முடிவுகளைக் கண்டன என்பதால், இதைவிடச் சிறந்த சோதனையை ஆய்வுக்கூடத்தில்கூட அமைக்க முடியாது.

வேறுபாடு எங்கே தொடங்கியது என்று பார்த்தால், 2000ஆம் ஆண்டுப் பருவத்தோடு பிக் வெஸ்ட் கால்பந்தைக் கைவிட்டதில் தொடங்கியது. பாய்சியை மேற்கு மாநிலங்களின் டபிள்யூஏசி சேர்த்துக்கொண்டது. ஐடஹோவுக்குக் கிடைத்த இடமோ நாட்டின் மறுகோடியில், தெற்கு மாநில அணிகளை முதன்மையாகக் கொண்ட சன் பெல்ட். பாய்சி இருந்த வீட்டுக்கு 2005இல், நான்காண்டு தாமதமாக, ஐடஹோவும் குடிபுகுந்தது. ஆனால் 2011இல் பாய்சி அங்கிருந்து மவுன்டன் வெஸ்டுக்குக் கிளம்ப, மற்றவர்களும் ஒவ்வொருவராக வெளியேற, 2012 பருவத்தோடு அந்த வீடும் கால்பந்துக்குக் கதவடைத்தது. 2013இல் எந்தக் கூட்டிலும் சேராமல் தனித்து ஆடிய ஐடஹோ, ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 14-80 என்று தோற்றது. மறுபடியும் சன் பெல்ட்; அதுவும் 2017க்குப் பிறகு உறவைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று 2016 மார்ச்சில் தெரிவித்துவிட்டது. ஏப்ரல் மாதக் கடைசியில் பல்கலைக்கழகத் தலைவர் சக் ஸ்டேபன் கீழடுக்கின் பிக் ஸ்கை கான்ஃபரன்ஸுக்குத் திரும்புவதாக அறிவித்தார். எஃப்பிஎஸ் என்ற பெயர் வந்த பிறகு இப்படி இறங்கிய முதல் அணி அதுதான்.

இந்த இருபத்திரண்டு பருவங்களில் ஐடஹோ பருவ இறுதியின் பவுல் ஆட்டங்களுக்கு மூன்றே முறை போனது, மூன்றிலும் வென்றது என்பதையும் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். கடைசி வெற்றி 2016இல், இறங்குவதாக அறிவித்த பிறகு வந்தது. அதாவது ஆடத் தெரியாமல் இந்த அணி இறங்கவில்லை. மேலடுக்கின் குறைந்தபட்சப் பார்வையாளர் எண்ணிக்கை விதியை நிறைவு செய்வதற்காக 1999, 2000 ஆண்டுகளில் தன் சொந்த ஆட்டங்களைப் பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி, பக்கத்து மாநிலத்தின் புல்மன் நகரில், வேறொரு பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஆட வேண்டியிருந்தது என்பதிலேயே அதன் சிக்கல் முழுதும் அடங்கியிருக்கிறது. மைதானம் சிறிது, ஊர் சிறிது, உடன் ஆடுபவர்களோ தொலைவில்.

ஜேம்ஸ் மேடிசன் இந்த மூன்றிலும் எதிர்ப்புறத்தில் நிற்கிறது. ஹாரிசன்பர்க் நகரில் ஏறத்தாழ 25,000 பேர் அமரும் மைதானம் ஏற்கெனவே இருந்தது. 2004, 2016 ஆண்டுகளில் கீழடுக்கின் பட்டங்கள் கிடைத்திருந்தன. 2021 நவம்பரில் அழைத்த சன் பெல்ட்டோ, ஐடஹோவுக்குத் தொலைதூரமாக இருந்த அதே கான்ஃபரன்ஸ், இவர்களுக்கு அண்டைவீடு. ஓல்டு டொமினியன் அதே மாநிலம், மார்ஷல் பக்கத்து மாநிலம். அப்பலேச்சியன் ஸ்டேட் ஒரு காலத்தில் கீழடுக்கில் இவர்களோடு மோதி, 2014இல் தானும் மேலே ஏறிய அணி. ரசிகர் காரில் போய்ப் பார்த்துத் திரும்பும் தொலைவில் எதிராளி இருப்பது, ஒரு சிறிய கல்லூரியின் கால்பந்துக்கு எத்தனை கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தத்தையும்விட அடிப்படையானது என்று நான் நினைக்கிறேன்.

ஆனாலும் ஏற்றம் வலியில்லாமல் நடக்கவில்லை. போகிறோம் என்று அறிவித்த உடனே, பழைய கான்ஃபரன்ஸ் ஜேம்ஸ் மேடிசனின் மற்ற விளையாட்டு அணிகளைத் தன் சாம்பியன்ஷிப் போட்டிகளிலிருந்து விலக்கிவைத்தது. கால்பந்து அணியின் முடிவுக்குக் கூடைப்பந்து ஆடுபவர்களும் விலை கொடுத்தார்கள். புதிதாக ஏறும் அணிக்கு மாறுகாலம் இரண்டு ஆண்டுகள், அதுவரை பட்டப் போட்டிகளில் இடமில்லை என்ற விதியால், 2023இல் முதல் பத்து ஆட்டங்களையும் வென்றிருந்தும் கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டியில் ஆட முடியவில்லை. தகுதி பெற்ற அணிகள் போதவில்லை என்பதால்தான் ஒரு பவுல் ஆட்டமாவது கிடைத்தது. அந்த ஆட்டத்துக்கு முன்பே பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டியை இந்தியானா பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. பத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அவர் பின்னால் போனார்கள். அதே சிக்னெட்டி 2026 ஜனவரியில் இந்தியானாவுக்குத் தேசியப் பட்டத்தை வாங்கித் தந்தார். அவருக்குப் பின் வந்த பாப் செஸ்னி ஜேம்ஸ் மேடிசனை 2025இல் கான்ஃபரன்ஸ் பட்டத்துக்கும் தேசியப் போட்டிக்கும் கொண்டுபோய்விட்டு, யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். மேலடுக்கில் சிறிய அணி வென்றால் அந்த வெற்றியே அதன் பயிற்சியாளருக்குப் பெரிய இடத்தின் அழைப்பிதழ் ஆகிவிடுகிறது. கீழடுக்கிலும் இது உண்டு, ஆனால் இவ்வளவு விரைவில் இல்லை.

இனிப் பணம். இதில் யார் பணம் என்ற கேள்வியைப் பலர் நாசூக்காகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வர்ஜீனியாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கல்லூரி விளையாட்டின் வருவாயில் மாணவர் கட்டணமும் கல்லூரி மானியமும் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்தது. கீழடுக்கு அணியுள்ள கல்லூரிக்கு 70 விழுக்காடு, மேலடுக்கின் சிறிய கான்ஃபரன்ஸ்களில் ஆடுபவற்றுக்கு 55 விழுக்காடு. ஆக, மேலே ஏறும்போது செலவு கூடும், மாணவரிடம் வாங்கும் பங்கையோ குறைக்க வேண்டும். இந்தத் திட்டத்தை மாநிலச் சட்டமன்றக் குழுவிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே ஜேம்ஸ் மேடிசன் ஏறியது. வரம்பே 55 என்றால், மைதானத்துப் பக்கமே எட்டிப் பார்க்காத மாணவியின் கட்டணத்திலும் எவ்வளவு இங்கே வந்து விழ முடியும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். வெளிப்படையான தணிக்கை இருந்தது என்பதற்காக வர்ஜீனியாவைப் பாராட்டலாம். எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு முதல் ஆண்டில் சுமார் 205 லட்சம் டாலர் வரை வருவாய்ப் பங்கு கொடுக்கலாம் என்றான பின், மேலடுக்கின் அடிமட்டத்துக்கும் உச்சிக்கும் உள்ள இடைவெளி இன்னும் விரிந்திருக்கிறது.

மொன்டானாவின் நிலை இந்த இரண்டுக்கும் பொருந்தாதது. மிசூலாவில் 25,000 பேருக்கு மேல் அமரும் வாஷிங்டன்-கிரிஸ்லி மைதானம் வழக்கமாக நிரம்பி வழியும். 1995, 2001 ஆண்டுகளில் பட்டங்கள் உண்டு. ரசிகர் பலத்தில் மேலடுக்கின் பல அணிகளுக்கு அது சளைத்ததில்லை. ஆனாலும் 2010 நவம்பரில் டபிள்யூஏசி அழைத்தபோது, புதிதாகப் பொறுப்பேற்றிருந்த தலைவர் ராய்ஸ் எங்ஸ்ட்ரம் மறுத்தார். மொன்டானா ஸ்டேட்டுடனான ஆண்டு மோதல் போய்விடும், செலவு தாங்காது, அழைக்கும் கூட்டே ஆட்டம் கண்டிருக்கிறது என்பவை அப்போது பேசப்பட்ட காரணங்கள். இரண்டே ஆண்டில் அந்தக் கூட்டு கால்பந்தை நிறுத்தியது. ஏறியிருந்தால் மொன்டானா 2013இல் ஐடஹோவின் பக்கத்தில், போக்கிடமில்லாமல் நின்றிருக்கும்.

மறுத்ததற்கும் விலை இருந்தது. 2001க்குப் பிறகு மொன்டானா பட்டம் எதையும் வெல்லவில்லை, 2023 பருவத்தின் இறுதியாட்டத்திலும் சவுத் டகோட்டா ஸ்டேட்டிடம் 3-23 என்று தோற்றது. மேலடுக்கில் இருந்திருந்தால் பவுல் ஆட்டங்களும் கூடுதல் ஒளிபரப்புப் பணமும் வந்திருக்கும் என்று வாதிடலாம். என்றாலும் கீழடுக்கில் இருபத்து நான்கு அணிகள் பட்டத்துக்கு மோதுகின்றன, அரையிறுதி வரை வலுவான அணி தன் ஊரிலேயே ஆடுகிறது. மேலடுக்கின் சிறிய கான்ஃபரன்ஸ் அணிக்கோ பன்னிரண்டில் பெரும்பாலும் ஓரிடம்தான், அதற்கும் பல கான்ஃபரன்ஸ்களில் பட்டம் வென்ற அணிகள் போட்டி போட வேண்டும். 2025இல் அந்தக் கதவு வழக்கத்துக்கு மாறாக இரண்டு அணிகளுக்குத் திறந்தது. அதில் ஒன்றுதான் ஜேம்ஸ் மேடிசன்.

ஆகவே அந்த டிசம்பர் நாளின் இரண்டு தோல்விகளையும் எடைபோட்டால், ஜேம்ஸ் மேடிசன் ஏறியது சரி என்றும், மொன்டானா அன்று ஏறாததும் சரி என்றும்தான் சொல்வேன். ஒன்றுக்கு அண்டையில் வீடு கிடைத்தது, மற்றொன்றுக்கு இடியும் வீட்டின் சாவி நீட்டப்பட்டது. நாளைக்கே மொன்டானாவுக்கு மறுபடி அழைப்பு வந்தால், மொன்டானா ஸ்டேட்டையும் உடன் சேர்த்து அழைக்கும் மேற்கு மாநிலக் கூட்டாக இருந்தால் மட்டும் அதைப் பிரித்துப் படிக்கலாம். தனியாக அழைத்தால் மடித்து வைத்துவிடலாம். நாடு முழுதும் பறந்து ஆடியதற்குப் பின் ஊர் திரும்பிய ஐடஹோ, 2022இல் ஜேசன் எக் பயிற்சியில் மிசூலாவுக்கே வந்து, நிரம்பிய மைதானத்தில் மொன்டானாவை 30-23 என்று வென்று, லிட்டில் பிரவுன் ஸ்டைன் என்ற பழைய கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த ஆண்டும் அதையடுத்த இரண்டு ஆண்டுகளும் அது தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது.