செக் புக், செக் சட்டை: ஒரு சொல் அகராதியைப் பற்றி

வங்கியில் 29 வருடம் கிளியரிங் பிரிவில் இருந்தேன். நாள் முழுக்கக் கையில் செக்தான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. போன மாதம் பேத்தி கேட்டாள்: "தாத்தா, செக் புக், செக் சட்டை, செஸ்ல வைக்கிற செக், எல்லாம் ஒண்ணா?"

விடை தேடப் போய்க் கிடைத்ததுதான் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி. டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தொடங்கிய இணைய அகராதி. ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்வதுதான் அதன் வேலை. இலவசமாகவே படிக்கலாம்.

எல்லாம் ஒன்றுதான். வேர், பாரசீகத்தில் அரசரைக் குறிக்கும் 'ஷா'. சதுரங்கத்தில் எதிராளியின் ராஜாவுக்கு ஆபத்து என்று எச்சரிக்கும் சொல் அது. அரபி வழியாகப் பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்தில் செக் ஆனது. செஸ் என்ற பெயரே அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையாம்! படுத்துக்கொண்டு படித்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ராஜாவைத் தடுப்பதிலிருந்து 'தடு', அதிலிருந்து 'சரிபார்'. செக் போஸ்ட், செக்-அப், வங்கி செக் எல்லாம் இந்தக் கிளை.

என்னை உலுக்கியது எக்ஸ்செக்கர் கதை. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசாங்க வரவுக் கணக்கை, கட்டம் போட்ட துணி விரித்த மேசையில் வில்லைகளை நகர்த்திப் பார்த்தார்கள். சதுரங்கப் பலகை போல இருந்ததால் அந்த அலுவலகத்துக்கே அந்தப் பெயர் வந்தது. பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் இன்றும் அது இருக்கிறது. வங்கி செக்கை பிரிட்டிஷ்காரர்கள் 'க்யூ' போட்டு எழுதுவதும் அதன் சாயல்தான். நான் 29 வருடம் எழுதிய எழுத்து அது.

சட்டைக்கும் அதே பலகைதான் மூலம். தமிழிலும் பலகையில் இருப்பது கட்டம், சட்டையில் இருப்பதும் கட்டம். இதைச் சொன்னதும் பேத்திக்கு ஒரே சந்தோஷம்.

குறையும் உண்டு. பெயர், வினை என்று ஒரே சொல்லைத் தனித்தனிப் பதிவாகப் பிரித்திருப்பதால் முழுக்கதையை நாம்தான் கோத்துக்கொள்ள வேண்டும். சொல் புழக்கத்துக்கு வந்த காலத்தைச் சொல்வார்கள்; அது வந்த பழைய வரியைப் பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் அந்த வரிகள் கிடைக்கும். ஆங்கிலமும் கொஞ்சம் கெட்டியானது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

முதல் தடவை போகிறவர்கள் செஸ்ஸில் தொடங்குங்கள். அப்புறம் எக்ஸ்செக்கர், கடைசியில் செக்.