சான்வா லீவர், பட்டன்கள்: வருடக்கணக்கில் ஓட்டினால் எது தேயும், எது தாங்கும்

ஃபைட்டிங் கேம் போட்டிகளில் கன்சோலும் திரையும் நடத்துபவர்கள் பொறுப்பு; கன்ட்ரோலர் அவரவர் பொறுப்பு. ஈவோ என்ற பெரிய ஃபைட்டிங் கேம் போட்டியில் 2023-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 விளையாட்டுக்கு மட்டும் 7,061 பேர் பதிவு செய்திருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஆட்டத்தின் நடுவே பட்டன் செத்துப்போனால் யாரும் மறு ஆட்டம் தரமாட்டார்கள். ஆகவே ஆர்கேட் ஸ்டிக் (லீவரும் பட்டன்களும் பொருத்திய பெட்டி வடிவக் கன்ட்ரோலர்) வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அடிமூடியைக் கழற்றி உதிரிபாகத்தை நாமே மாற்ற முடியுமா என்பதுதான். சான்வா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஜேஎல்எஃப் லீவரும் ஓபிஎஸ்எஃப்-30 பட்டன்களும் இவ்வளவு காலம் நிலைத்து நிற்பதற்கு அதுவே காரணம்.

லீவரில் முதலில் தளர்வது ஸ்பிரிங். புதிதில் கையை விட்டதும் தண்டு நடுவுக்குத் தாவும். நாள்பட நாள்பட சோம்பலாகத் திரும்பும். இது சின்ன விஷயமில்லை. 2004 ஈவோவில் ஜஸ்டின் வாங் ஆடிய சுன்-லி பாத்திரத்தின் சூப்பரை (பல அடிகள் தொடரும் பெரிய தாக்குதல்) டைகோ உமேஹாரா அடி அடியாகப் பேரி செய்த (சேதமில்லாமல் தட்டிவிட்ட) ஆட்டத்தைப் பார்க்காத ரசிகர் இருக்கமாட்டார். ஒவ்வொரு பேரிக்கும் லீவரை முன்னால் தட்டி, நடுவுக்கு விட்டு, மறுபடி தட்ட வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் நடுவுக்குத் திரும்பும் வேகம்தான் உயிர்.

அடுத்து தேய்வது தண்டின் அடியில் உள்ள ஆக்சுவேட்டர், சுவிட்சுகளைத் தள்ளும் பிளாஸ்டிக் உருளை. அது மெலிந்தால் லீவர் கூடுதல் தூரம் சாய்ந்த பிறகே திசை பதிவாகும். மூலைத் திசைக்கு இரண்டு சுவிட்சுகள் ஒன்றாக மூடவேண்டும் என்பதால், கோளாறு முதலில் அங்கேதான் தெரியும்: கீழ், கீழ்-முன், முன் என்று உருட்டினால் நடுவில் உள்ளது காணாமல் போகும், ஃபயர்பால் (தூரத்திலிருந்து எறியும் தாக்குதல்) வராது. பலர் இதைத் தங்கள் கைப்பிழை என்றே நினைத்து மாதக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள். விளையாட்டின் பயிற்சிப் பிரிவில், அழுத்தும் திசைகளைத் திரையில் காட்டும் இன்புட் காட்சியைப் போட்டு, லீவரை மெதுவாக வட்டமாகச் சுற்றுங்கள். எட்டுத் திசையும் வரிசையாக வந்தால் லீவரில் குறையில்லை. ஒரு தட்டலுக்கு ஒரே திசை இரண்டு முறை பதிவானால் மைக்ரோ சுவிட்ச் போய்விட்டது. நான்கும் ஒரே பலகையில் இருப்பதால் பலகையோடு மாற்றுவதே எளிது.

கிரீஸ் போடும் முறை: கேபிளைப் பிடுங்குங்கள். தண்டின் அடியில் உள்ள வெட்டில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பிடித்துக்கொண்டு மேலே உருண்டையை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். தண்டு எவ்வளவு சாயலாம் என்று எல்லை கட்டும் சதுரக் கேட்டையும் சுவிட்ச் பலகையையும் எடுங்கள். ஆக்சுவேட்டரை ஸ்பிரிங் பக்கம் அழுத்தி, அதைத் தண்டில் பிடித்து வைத்திருக்கும் சிறு உலோக ஈ-கிளிப்பைத் தள்ளி எடுக்க வேண்டும். அது துள்ளிப் பறக்கும், மேலே துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, தண்டின் வளைவுப் பகுதியில் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிகோன் கிரீஸ் ஒரு அரிசி அளவு போதும். சுவிட்சில் பட்டால் கெட்டது.

சதுரக் கேட் பிடிக்காமல் எண்கோணக் கேட்டுக்கு மாறுபவர்கள் உண்டு. அதில் மூலைத் திசைக்கான இடம் குறுகும். லீவரைச் சிறிது நேரம் பின்-கீழ் மூலையில் பிடித்துக் காத்திருந்த பிறகே தாக்குதல் வரும் சார்ஜ் பாத்திரங்களுக்குச் சதுரமே மேல். டெக்கன் என்ற இன்னொரு ஃபைட்டிங் கேம் ஆடுபவர்கள் பலர் கொரிய லீவர் பக்கம் போவதற்கும் நியாயம் இருக்கிறது. அதில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம், திரும்பும் வேகம் அதிகம்.

பட்டன்களில் சுவிட்சைவிட வயர் முனைதான் அதிகம் படுத்தும். ஒரு பட்டன் விட்டுவிட்டு வேலை செய்தால் முனைக் கவ்வி தளர்ந்திருக்கும். குறடால் லேசாக நெரித்து மாட்டுங்கள். வரிசையாகச் சில பட்டன்கள் ஒன்றாகச் செத்தால், ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகும் கிரவுண்டு வயர் எங்கோ கழன்றிருக்கிறது. ஓபிஎஸ்எஃப்-30-ஐ மேலிருந்து நெம்பவே கூடாது. உள்ளிருந்து பக்கவாட்டுப் பிடிப்புகளான இரண்டு காதுகளையும் அழுத்தித் தள்ளாவிட்டால் காது ஒடியும்.

லீவரே இல்லாத கன்ட்ரோலர்களில் தேய்மானம் குறைவு என்பது உண்மை. ஆனால் இடமும் வலமும் ஒன்றாக அழுத்தினால் என்ன பதிவாகும் என்ற அமைப்பைப் போட்டி விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தே போகவேண்டும்.

போட்டிப் பையில் ஒரு உதிரி பட்டன், ஸ்க்ரூ டிரைவர், இன்னொரு கேபிள் இருக்கட்டும். ஸ்டிக்கில் ஆப்ஷன்ஸ் போன்ற பட்டன்களை முடக்கும் பூட்டு சுவிட்ச் இருந்தால் உட்கார்ந்ததும் போடுங்கள். தெரியாமல் ஆப்ஷன்ஸ் பட்டனில் கை பட்டு ஆட்டம் நின்றால் பொதுவாக அந்த ரவுண்டு எதிராளிக்குப் போகும். ஆட்டத்துக்கு முன் பட்டன் செக் (பட்டன்கள் சரியாக அமைந்திருக்கிறதா என்று சோதிப்பது) கேட்பது உரிமை, கூச்சப்பட வேண்டாம். எதிராளி கேட்டாலும் அவசரப்படுத்தாதீர்கள். முடிந்து எழும்போது உங்கள் கேபிளை நீங்களே கழற்றிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கோ கிரீஸோ மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னதாகவே செய்துவிடுங்கள், புது இறுக்கத்துக்குக் கை பழக அவ்வளவு நாளாகும்.