மானுக்கு எந்தக் குண்டு: ஈயமா, செம்பா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் நெருங்கினால் துப்பாக்கிக் கடைகளில் இந்த ஒரே பேச்சுதான். இருபது தோட்டாக்கள் கொண்ட சாதாரணப் பெட்டி ஏறத்தாழ முப்பது டாலருக்குக் கிடைக்கிறது. பக்கத்து அடுக்கில் அதே .308 வின்செஸ்டர் என்னும் தோட்டா அளவு, அதே இருபது தோட்டாக்கள், விலை மட்டும் ஐம்பது, அறுபது டாலர். சுடப்படும் மானுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா என்றால், பெரும்பாலும் தெரியாது என்பேன். இருந்தும் சில ஆண்டுகளாக நான் விலை கூடிய பெட்டியைத்தான் எடுக்கிறேன், அதிலும் முழுச் செம்புக் குண்டு போட்ட பெட்டியை. மானைச் சாய்ப்பதற்காக அல்ல, சாய்த்ததைச் சமைக்க வேண்டியிருக்கிறதே, அதற்காக.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் முகம் சுளிக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அது அப்படியே இருக்கட்டும். இங்கோ வெண்வால் மான் வயலையும் தோட்டத்தையும் மேய்ந்து, சாலையில் கார்களின் குறுக்கே பாயும் அளவுக்குப் பெருகியிருக்கிறது. மாநில அரசே உரிமம் விற்று, நவம்பரில் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் அறிவித்து, எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கிறது. சுட்ட மானின் கறியை விற்க முடியாது. வீட்டில் சமைக்கலாம், நண்பர்களுக்குக் கொடுக்கலாம்.

சாதாரணக் குண்டின் அமைப்பு எளிது. உள்ளே ஈயம், மேலே மெல்லிய செம்புக் கலவை உறை, நுனியில் ஈயம் வெளியே தெரியும். உடலில் பட்டதும் நுனி காளான்போல் விரியும். ரெமிங்டனின் கோர்-லோக்ட் 1939 முதல் இப்படித்தான் மான்களை வீழ்த்தி வருகிறது. வின்செஸ்டரின் பவர்-பாயின்ட், ஃபெடரலின் பவர்-ஷோக் ஆகியவையும் இதே குடும்பம். நூறு கஜத்தில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில் 150 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு ஒன்று இறங்கினால் மான் அதிக தூரம் போகாது. இந்தப் பக்கத்துக் காடுகளில் பெரும்பாலான மான்கள் அதற்கும் குறைந்த தூரத்தில்தான் சுடப்படுகின்றன. ஆகவே மானைக் கொல்லும் திறன் மட்டுமே கேள்வி என்றால் முப்பது டாலர் பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

விலை கூடிய குண்டுகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. முதல் வகை, ஈயம் சிதறிப்போகாமல் கட்டிப்பிடித்து வைத்திருப்பவை. 1946-இல் ஜான் நோஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உடம்பெல்லாம் சேறு காய்ந்த மூஸ் என்னும் பெரிய மான் ஒன்றைச் சுட்டார். குண்டுகள் மேலேயே உடைந்து ஆழமாக இறங்கவில்லை. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் நோஸ்லர் பார்ட்டிஷன். நடுவே ஒரு செம்புத் தடுப்பு. முன்பாதி விரிந்து உதிர்ந்தாலும் பின்பாதி கலையாமல் உள்ளே போகும். உறையோடு ஈயத்தை ஒட்டவைத்த அக்யூபாண்ட் போன்றவை பின்னால் வந்தன. மூஸுக்கும், எல்க் என்னும் மற்றொரு பெரிய மானுக்கும் அருமையான குண்டுகள். ஆனால் மூஸ் நானூறு கிலோவுக்கு மேல் போகும் விலங்கு. எங்கள் ஊர்ப் பெண் மான் அறுபது கிலோ இருந்தால் பெரிது. அதன் விலா எலும்பு விரல் தடிமன்கூட இல்லை. அதற்கு இந்த உறுதி வீண் செலவு. எல்க் வேட்டைக்குப் போனதில்லை, போனால் வேறு மாதிரி எழுதுவேனோ என்னவோ.

விலை கூடிய குண்டு என்றாலே கெட்டியானது என்றும் நினைக்க வேண்டாம். பாலிமர் நுனி வைத்து வேகமாக விரியும்படி செய்த குண்டுகளும் அந்த அடுக்கிலேயே பளபளக்கின்றன. அருகில் சுட்டால் முன்சப்பை முழுவதும் இரத்தம் கட்டி, பாதிக் கறியை வெட்டி எறிய நேரும்.

இனி நான் வாங்கும் வகை. பார்ன்ஸ் நிறுவனம் 1980-களின் இறுதியில் ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைய டிடிஎஸ்எக்ஸ் அதன் பேரப்பிள்ளை. ஹார்னடி, ஃபெடரல் நிறுவனங்களும் இப்போது செம்புக் குண்டு செய்கின்றன. நுனியிலுள்ள குழி திறந்து நான்கு இதழாக விரியும். எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். பெரும்பாலும் மறுபக்கம் துளைத்து வெளியேறிவிடும்.

ஈயக் குண்டு மானுக்குள் விரியும்போது உதிரும் துகள்களை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. எக்ஸ்ரேயில்தான் அவை தெரியும். 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஒரு மருத்துவர், ஏழைகளுக்கான உணவு வங்கிக்கு வேட்டைக்காரர்கள் கொடுத்த மான் கொத்துக்கறிப் பொட்டலங்களைப் படமெடுத்துப் பார்த்தார். பல பொட்டலங்களில் உலோகத் துகள்கள் தெரிந்தன. அந்தக் கறியைக் கொடுக்க வேண்டாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. அதே ஆண்டில் மினசோட்டாவின் இயற்கை வளத் துறை, மானுக்குப் பதில் செத்த ஆடுகளைப் பல வகைக் குண்டுகளால் சுட்டு எக்ஸ்ரே எடுத்தது. வேகமாக விரியும் ஈயக் குண்டு ஓர் உடலில் சராசரியாக நூற்றுக்கும் மேற்பட்ட துகள்களை விட்டுச் சென்றது. செம்புக் குண்டு விட்டவற்றை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். துகள்கள் காயத்தைச் சுற்றி மட்டும் நிற்கவில்லை, ஏறத்தாழ ஓர் அடி தள்ளியும் கிடந்தன. உறையோடு ஒட்டவைத்த ஈயக் குண்டும் இந்தக் கணக்கில் பெரிதாகத் தப்பவில்லை. அறுபது டாலர் கொடுத்தும் ஈயம் தட்டுக்கு வருகிறது என்றால் அந்தப் பணம் எதற்கு?

நம் சமையலறைக்கு இதில் இரண்டு சங்கதிகள் உண்டு. கறி என்றால் மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் அலசுவது நம் வழக்கம். மினசோட்டா சோதனையில் கழுவிய உடல்களில் காயத்தருகே ஈயம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் தண்ணீரோடு ஓடி மற்ற இடங்களில் பரவியது. அடுத்தது புளிப்பு. வினிகர் போன்ற புளிப்புப் பொருளில் ஊறவைத்தால் ஈயம் கரைந்து உடலில் சேர்வது எளிதாகிறது என்று இங்குள்ள சுகாதாரத் துறைகள் எச்சரிக்கின்றன. நாம் என்ன செய்கிறோம்? தயிரில் ஊறவைத்து, தக்காளியை வதக்கி, புளி ஊற்றிக் கொதிக்க விடுகிறோம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று மருத்துவம் எந்த அளவையும் ஒப்புக்கொள்வதில்லை.

அதற்காகப் பயமுறுத்தவும் விருப்பமில்லை. ஈயக் குண்டால் சுட்ட மானைத் தலைமுறைகளாகத் தின்றவர்கள் இந்த மாநிலம் முழுவதும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதே 2008-இல் வடக்கு டகோட்டாவில் நடந்த இரத்தப் பரிசோதனையில் வேட்டைக் கறி உண்பவர்களிடம் ஈயம் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆபத்தான உயரத்துக்குப் போகவில்லை. இருந்தாலும், தோட்டாவுக்கு ஒன்றரை டாலர் கூடுதல் கொடுத்தால் தவிர்க்க முடிகிற ஒன்றை நான் ஏன் தவிர்க்காமல் இருக்க வேண்டும்? மானை வெட்டிப் பொட்டலம் போட்டுக் கொடுக்கும் கடைக்கே நூறு டாலருக்கு மேல் கொடுக்கிறோம்.

ஆனால் அந்தக் கடைகளில் ஒரு சிக்கல் உண்டு. சில இடங்களில் பலருடைய மான்களின் துண்டுக் கறியை ஒன்றாக அரைத்துத் திருப்பித் தருவார்கள். அப்படியானால் நீங்கள் சுட்டது செம்போ தங்கமோ, பயனில்லை. உங்கள் மானைத் தனியாக அரைக்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லையேல் வீட்டிலேயே வெட்டிக்கொள்ளுங்கள்.

செம்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். எனவே .308-இல் 150 கிரெயின் ஈயம் சுட்டவர் செம்பில் 130 கிரெயினுக்கு இறங்கலாம். வேகம் கூடும், அதுவே செம்பு விரிவதற்கு நல்லது. வேகம் வினாடிக்கு இரண்டாயிரம் அடிக்கு அருகே சரிந்தால் பல செம்புக் குண்டுகள் சரியாகத் திறப்பதில்லை, பென்சில் துளை போட்டுப் போய்விடும். இருநூறு கஜத்துக்கு அப்பால் நான் சுட்டதில்லை என்பதால், நீண்ட தூரத்தைப் பற்றி என் வார்த்தையை நம்பி எதுவும் வாங்காதீர்கள். ஈயம்போல் உள்ளே சிதறாததால் நுரையீரலில் பட்ட மான் சற்றுக் கூடுதலாக ஓடுவதையும் கவனித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் துளை விழுவதால் இரத்தத் தடம் நன்றாகக் கிடைக்கிறது, அதனால் தேடுவது கடினமாக இல்லை. இப்போதெல்லாம் சற்று முன்னால் தள்ளி, சப்பை எலும்பையே குறிவைக்கிறேன்.

உண்மையான கூடுதல் செலவு வேட்டையில் இல்லை. ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்று தோட்டா போதும். பயிற்சியில்தான் பணம் போகிறது. ஈயத்துக்குச் சரிசெய்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) செம்புக்கு ஓரிரு அங்குலம் விலகலாம். சில துப்பாக்கிகளுக்குச் சில குண்டுகள் ஒத்துவருவதே இல்லை. நான் ஆண்டு முழுவதும் மலிவான ஈயத் தோட்டாக்களில் பயிற்சி செய்து, அக்டோபரில் குழலைச் சுத்தம் செய்துவிட்டு, ஸ்கோப்பைச் செம்புக்கு மாற்றிச் சரிபார்க்கிறேன். பெட்டியில் மிச்சம் இருப்பது அடுத்த பருவத்துக்கும் வரும்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே வேண்டாம். 2019 ஜூலை முதல் அங்கு வேட்டைக்கு ஈயத் தோட்டா முழுவதுமாகத் தடை. செத்த விலங்கின் குடலைத் தின்னும் காண்டார் கழுகுகள் ஈய நஞ்சால் செத்ததே அதற்குப் பெரிய காரணம்.

இந்த ஆண்டுதான் முதல் துப்பாக்கி வாங்கியிருக்கிறீர்கள், கையில் அறுபது டாலர்தான் இருக்கிறது என்றால், நான் செம்பைச் சொல்ல மாட்டேன். சாதாரணத் தோட்டா இரண்டு பெட்டி வாங்கி, ஒன்றரைப் பெட்டியைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். நெஞ்சுக்கூட்டைத் தவறவிட்டு வயிற்றில் பாய்ச்சிய குண்டு எந்த விலையானாலும் மானுக்கு வதைதான். மான் கிடைத்தால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், அந்தப் பக்கத்துக் கறியைக் கொத்துக்கறிக்குச் சேர்க்காதீர்கள், பிள்ளைகளுக்குப் பின்தொடையைக் கொடுங்கள். செம்பை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.