ஐநேச்சுரலிஸ்ட்: ரெண்டு பேர் ஒத்துக்கொண்டால் போதுமா?

என் போனில் நிலைத்துவிட்ட இலவச செயலி இது. 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்களின் ப்ராஜெக்டாகப் பிறந்தது. 2023 முதல் லாப நோக்கற்ற தனி அமைப்பு. செடியோ பூச்சியோ படமெடுத்து, இடமும் தேதியும் சேர்த்து ஏற்றினால், முகம் தெரியாத யாரோ வந்து பெயர் சொல்வார்கள்.

தெருமுனை எருக்கஞ்செடி பக்கத்தில் எடுத்த ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் பெயர் போடாமல் ஏற்றியிருந்தேன். இருவர் வெந்தய வரியன் என்றார்கள். உடனே 'ரிசர்ச் கிரேடு' முத்திரை, அதாவது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் தரம். அப்புறம் மூன்றாவதாக ஒருவர் வந்து பின்னிறக்கையைப் பார்க்கச் சொன்னார். வெந்தய வரியனுக்கு அதன் நடுவே கரும்புள்ளிகள் இருக்கும். என் பூச்சிக்கோ மேல்விளிம்பில் ஒன்றே ஒன்று. டனெய்ட் எக்ஃப்ளை என்கிற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண்ணாம்! புழுவாக இருக்கும்போது எருக்கந்தழை தின்று நஞ்சேறிய வெந்தய வரியனைப் பறவைகள் ஒதுக்கும். அந்த வேஷத்தில் இது பிழைத்துக்கொள்கிறது.

முத்திரைக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். இரண்டுக்கு ஒன்று என்றால் போதாது. ஆகவே ஒரே ஒரு மறுப்பில் முத்திரை போனது; பெயரும் இரண்டு பூச்சிகளுக்கும் பொதுவான நிம்ஃபாலிடே குடும்பம் வரை பின்வாங்கியது. எல்லோரும் ஒப்புவது அதுவரைதானே! முதல் இருவரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மாற்றிக்கொண்டார்கள்.

அமெரிக்கத் தத்துவவாதி சார்ல்ஸ் பர்ஸ் 1877-இல் எழுதியது நினைவுக்கு வந்தது. நம்பிக்கை நிலைபெறும் வழிகள் நான்கு என்றார்: பிடிவாதம், அதிகாரம், நம் அறிவுக்கு ஏற்றதாகப்படுவது, அறிவியல். கடலோர அளவைத் துறையில் ஊசல் வைத்து ஈர்ப்பை அளந்தவர், அளவுப் பிழைகளோடு மல்லுக்கட்டியவர். விசாரிப்பவர்கள் தொடர்ந்து விசாரித்தால் கடைசியில் எங்கே வந்து சேர்வார்களோ அதுதான் உண்மை என்பது அவர் கட்சி. இந்தச் செயலியிலும் பேராசிரியருக்கும் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் ஆளுக்கு ஒரு குரல்தான்.

குறை 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தான். காரணம் எழுதாமலே அழுத்தலாம். பெரிய பெயர் சொன்னதைப் பார்த்து நான்கு பேர் அழுத்தினால் அதிகாரம் பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. பர்ஸ் சொன்னது விசாரித்தவர்களின் ஒப்புதல். தலைகளின் எண்ணிக்கை அல்ல. 'எந்த அடையாளத்தை வைத்து?' என்று ஒரு வரி கேட்டால் என்ன?

சின்னச் சிலந்திகள், அந்துப்பூச்சிகளுக்கு ஒரு படத்தை வைத்துப் பேரினத்தைத் தாண்டி இனம் வரை பெயர் சொல்வது கஷ்டம். இறக்கையின் மேல், அடி இரண்டையும் எடுங்கள். செயலிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு; அந்த ஒன்று பொத்தானுக்காகக் குறைத்தது.