விதைநெல் ஒப்பந்தம் என்று வந்தால் அத்தாட்சி அட்டையைக் கைவிடாதீர்கள்

வாற காலபோகத்துக்கு (மாரி நெற்செய்கைக்கு) விதைநெல் போடுங்கோ, முழுவதையும் நாங்களே வாங்குகிறோம் என்று கிளிநொச்சிப் பக்கம் யாராவது வந்தால், இதை ஒருக்கால் வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். எங்களோடு ஒப்பந்தம் போட்ட கடையின் பெயரைப் போடவில்லை, போட்டால் அது வேறு தலையிடி.

நாங்கள் ஏழு பேர், இரணைமடுக் குளத்துக்குக் கீழே எல்லாமாக 14 ஏக்கர். போன காலபோகம் ஏ.ரி. 362 என்ற நெல் இனம் போட்டோம். தாய் விதையை, அதாவது விதைநெல் எடுக்கப் போடுகிற அத்தாட்சி விதையை, கடைக்காரரே தந்தார். சாப்பாட்டு நெல்லின் அன்றைய விலைக்கு மேல் கிலோவுக்கு 30 ரூபா என்று பேச்சு. கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் விதைநெல்லின் மேலதிகச் செலவு முழுக்க, காசு கைக்கு வருவதற்கு முன்னமே எங்கள் மடியிலிருந்து போய்விடும். கலப்பன், அதாவது இடையில் முளைத்த வேறு இன நெல், பிடுங்க மூன்று தரம் ஆள் பிடித்தோம். வெட்டு மெசினுக்குள் முந்தி வெட்டின வேறு வயலின் நெல் தங்கி நிற்கும், அதைத் தட்டித் துப்பரவாக்கத் தனிக்காசு. பிறகு படங்கில் காயவைத்து ஈரப்பதனை 13 சதவீதத்துக்கு இறக்க வேணும், பதர் எடுக்க வேணும், புதுச் சாக்கு வாங்க வேணும். எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 12 ரூபா அளவில் வந்தது. விதை விலை கிடைத்தால் 18 ரூபா மிச்சம், கிடைக்காவிட்டால் பக்கத்து வயலில் சும்மா நெல் போட்டவரைவிட 12 ரூபா நட்டம். இந்தக் கணக்கை நாங்கள் வெட்டின பிறகுதான் போட்டோம் என்பது வேறு கதை.

விதைத்த அன்றைக்குத் தாய் விதை மூடைகளில் இருந்த அத்தாட்சி அட்டை எல்லாவற்றையும் அவர் கத்தரித்து எடுத்துக்கொண்டார். "அண்ணை, வயல் பதிவுக்கு இது வேணும், நீங்கள் அலைய வேண்டாம், நான் பார்க்கிறன்." சரி, அலைச்சல் மிச்சம் என்று விட்டோம். விதை அத்தாட்சிப்படுத்தல் சேவைக்காரர், பதிந்த வயலுக்குத்தான், பயிர் நிற்கும்போதே வயலுக்கு வந்து பார்க்க வேண்டும், வெட்டிக் குவித்த நெல்லை மட்டும் பார்த்து அத்தாட்சி தர மாட்டார்கள். பூத்தது, கதிர் சாய்ந்தது, ஒருவரும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "வருவினம், வருவினம்".

நெல்லைக் கொண்டுபோன அன்று ஒரு பிடி எடுத்து உமி நீக்கிப் பார்த்தார். 362 சிவப்பரிசி, அதற்குள் இரண்டு வெள்ளை மணி. "கலப்பு இருக்கு. பதிவும் சரிவரேல்லை. சாப்பாட்டு நெல் விலைதான் தரலாம்." பதிவுக்கே போகாமல் எப்படிச் சரிவரும்? எங்களில் நாலு பேரின் நகை வங்கியில் அடகில் கிடந்தது, தவணையும் முடிகிற நேரம், அதனால் அந்த விலைக்கே இறக்கிவிட்டு வந்தோம்.

இனித்தான் விஷயம். சிறுபோக விதைப்பு நேரம் என் மச்சான் முல்லைத்தீவுப் பக்கக் கடை ஒன்றில் விதைநெல் விலை கேட்டிருக்கிறார். அடுக்கியிருந்த மூடைகளின் வாய் நீலத் தங்கூசியால் (நைலோன் நூலால்) தைத்திருந்தது. சாக்கு நூல் முடிந்துபோய், மீன்பிடி வலை வைத்திருக்கிற ஒருவரிடம் வாங்கி என் மனைவியும் அக்காவும் கையால் தைத்த அதே தையல். மேலே எங்கள் நெல்லை வாங்கின கடைக்காரரின் விலாசம், விதைநெல் விலை.

விதை விற்கிறவர் பதிந்திருக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு 22ஆம் இலக்க விதைச் சட்டம் சொல்கிறது. முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். "உங்கள் பெயரில் வயல் பதிவு இருக்கா?" என்பதுதான் அங்கே கேட்ட முதல் கேள்வி. இல்லை.

கூட்டாக விதைநெல் போடுவதே பிழை என்று சொல்ல வரவில்லை. நெல் தன் பூவிலேயே கருக்கட்டுகிற பயிர், அடுத்த இனத்திலிருந்து மூன்று மீற்றர் விட்டால் காணும், பெரிய காணி தேவையில்லை. வயலை உங்கள் பெயரிலேயே பதியுங்கள், உங்கள் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் வழி சொல்லுவார். தாய் விதையின் அட்டையையும் பற்றுச்சீட்டையும் வீட்டில் வையுங்கள். வாங்குகிறவரின் பிழையால் அத்தாட்சி தவறினால் என்ன விலை என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிக்க வேணும். எங்களுடையதில் அந்த வரி இல்லை.

கொடுக்கும்போது மாதிரிக்கு என்று ஐந்து கிலோ எடுத்து வைத்திருந்தேன். போன கிழமை அதில் 100 மணி எண்ணி ஈரச்சாக்கில் சுற்றி வைத்தேன், 93 முளைத்தது.