சூரிய மின்வேலியும் அதன் கீழ்க்கம்பியும்: ஓராண்டு அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கம் உள்ள எங்கள் ராகிக் கொல்லையைச் சுற்றி, கல் கம்பங்களில் ஐந்து கம்பிகள் இழுத்த சூரிய மின்வேலி போட்டு ஓர் அறுவடை முடிந்துவிட்டது. யானையைப் பொறுத்தவரை இது கொடுத்த பணத்துக்குத் தகுந்த பொருள்தான். கதிர் முற்றும் கார்த்திகை, மார்கழியில் விடிய விடியப் பரணில் கண்விழித்துக் கிடந்த நிலை மாறியது. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் கருவி, ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக மின்துடிப்பை அனுப்புவதால், தொட்ட யானை அதிர்ந்து விலகுமே தவிர உயிர் போகாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, மின் இணைப்பிலிருந்து நேரடியாக மின்சாரம் பாய்ச்சிய திருட்டு மின்வேலியில் மூன்று பெண் யானைகள் மாண்டு, இரண்டு குட்டிகள் தனியே நின்றதை மறக்காதவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும்.

என் மனக்குறை கீழ்க்கம்பியைப் பற்றியது. காட்டுப்பன்றிக்கென்று அதைத் தரையிலிருந்து அரைச்சாண் உயரத்தில் கட்டிவிட்டார்கள். புரட்டாசி மழைக்குப் பிறகு ஒரு காலையில், நட்சத்திர ஆமை ஒன்று தலையையும் கால்களையும் உள்ளிழுத்தபடி, ஈர ஓடு கம்பியில் பட்டவாறு கிடந்தது. 'டக், டக்' என்ற ஓசை மட்டும் நிற்கவில்லை. கருவியை அணைத்துவிட்டுத் தூக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. அடிபட்டதும் ஓடுகிற விலங்கை எண்ணிச் செய்த பொருள் இது. ஆமையோ அஞ்சினால் ஓடாமல் அங்கேயே ஒடுங்கும், அழுங்கு (எறும்புதின்னி) சுருண்டுகொள்ளும், அடுத்தடுத்த துடிப்பு அவற்றின் மீதே இறங்கிக்கொண்டிருக்கும். வேலி போட்டவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாளே கீழ்க்கம்பியை ஒன்றேகால் அடிக்கு உயர்த்தினேன். அதன்பின் பன்றிகள் இரண்டு முறை புகுந்து ஒரு மூலையைக் கிளறின. அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வேலியில் பட்டு விலகிய யானைகள் பக்கத்துக் கொல்லையில் இறங்கின. ஆகவே தனித்தனியாகப் போடாமல், யானைகள் போய்வரும் வலசைப் பாதைக்கு இடம் விட்டு, ஊரோடு சேர்ந்து போடுவதே முறை. தமிழ்நாடு அரசின் 2023 மின்வேலி விதிகளின்படி வனத்துறையிடம் முதலில் விண்ணப்பியுங்கள்; கம்பத்தில் துளை போடும் முன்பே கீழ்க்கம்பியின் உயரத்தைக் கறாராகச் சொல்லிவிடுங்கள், பிறகு மாற்றுவதற்குத் தனிக் கூலி ஆகிறது.