ஓடுற எழுத்து: கவிவாணர் எழுத்துருவோடு ஐந்து வருடம்

இலங்கையின் ஹட்டனில் பெனரும் ஸ்டிக்கரும் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. "தம்பி, எழுத்து ஓடுற மாதிரி இருக்கணும்" என்று பஸ்காரர் யாராவது வந்து கேட்காத வாரம் இல்லை. அவர்கள் கேட்பது தடித்த, வலப்பக்கம் சரிந்த எழுத்து. ஆங்கிலத்துக்கு போல்ட் இட்டாலிக் என்று தனியாக வரைந்த எழுத்துருக்கள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழில் அப்படிச் சரித்தே வரைந்தவை மிகக் குறைவு. அதனால் நானும் நெடுநாள் நேர் எழுத்தை அடித்து, மென்பொருளில் 15 பாகை சாய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதில் என்ன பிழை என்பது பெரிதாக அச்சடித்தால்தான் கண்ணில் படும். ஒரு வட்டத்தைச் சாய்த்தால் அதன் வலது மேல் மூலையும் இடது அடியும் தடிக்கும், மற்ற இரண்டு மூலைகளும் மெலியும். தமிழில் வட்டமும் சுழியும் இல்லாத எழுத்து எத்தனை இருக்கிறது? ட, ப மாதிரி மூலை வைத்தவை ஓரளவு தாங்கும். மூன்று சுழி ண, ஒவ்வொரு சுழியிலும் தடிப்பு மாறி, நசுங்கினது போல நிற்கும். பத்தடி பெனரில் அது நன்றாகவே தெரியும்.

கவிவாணரை 2020 கடைசியில் இறக்கினேன். வரைந்தவர் நம் நாட்டு எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ். கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசம், திறந்த உரிமம் என்பதால் கடை வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கையெழுத்துச் சாயலில், சரிவோடேயே வரைந்த எழுத்து. இட்டாலிக் பிறந்த கதையும் இதுதான். 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் அந்த எழுத்தில் புத்தகம் அச்சிட்டபோது, அதற்கு முன்மாதிரி அக்காலத்துக் கையெழுத்து. பேனா ஓடும் திசையில் கோடு சரிகிறது, சுழியும் அதோடு சேர்ந்தே வளைகிறது. கவிவாணரில் 'ண' எழுதிப் பார்த்த அன்றே, சாய்த்த எழுத்து வேறு, சரித்து எழுதிய எழுத்து வேறு என்று புரிந்தது.

ஆனால் கவிவாணர் ஒரே தடிப்பில்தான் வருகிறது. பஸ்ஸுக்கும் பெனருக்கும் அது போதாது. அதனால் எழுத்தின் நிறத்திலேயே வெளிக்கோடு கொடுத்துத் தடிப்பாக்குகிறேன். கோடு வெளியே மட்டும் வளராது, சுழிக்குள்ளும் வளரும் என்பதை ஒரு கரப்பந்தாட்டப் போட்டி பெனரில்தான் கற்றுக்கொண்டேன். எழுத்தின் உயரம் 100 என்றால் கோடு 8 என்று வைத்தேன். ப்-இன் புள்ளி அடியில் இருந்த எழுத்தோடு ஒட்டிப்போனது, ண-வும் ன-வும் ஒரே கட்டியாகிவிட்டன. அது முழுக்க என் தவறு. காசு வாங்காமல் மறுபடி அடித்துக் கொடுத்தேன். இப்போது 3, மிஞ்சினால் 4. புள்ளியைத் தனியாகப் பிரித்து ஒரு நூல் மேலே தூக்கி வைக்கிறேன். ஈகாரக் கொக்கி அடுத்த எழுத்தின் புள்ளியில் முட்டும் இடங்களில் கையால்தான் இடைவெளி விட வேண்டும். 'தீர்த்தம்' என்ற சொல் வரும் ஒவ்வொரு திருவிழா நோட்டீஸிலும் இந்த வேலை உண்டு.

வினைல் ஸ்டிக்கருக்கு இன்னும் கவனம் தேவை. வெட்டிய பிறகு சுழிக்குள் இருக்கும் துண்டை ஊசியால் எடுக்க வேண்டும். சுழி மிகவும் சிறுத்தால் எடுக்கும்போதே பக்கத்துக் கோடும் கிழிந்து வந்துவிடும். அதனால் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த எழுத்தை இதில் நான் வெட்டுவதில்லை.

இங்கே பனிமூட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலையில் மெயின் ரோட்டில் இறங்கினால் முப்பது அடிக்கு அப்பால் எல்லாமே சாம்பல் நிறம்தான். மெல்லிய கோடு முதலில் மறையும், பிறகு சுழி. கரும்பச்சையில் மஞ்சள் எழுத்து, எழுத்துகளுக்கு நடுவே வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி. இந்த இரண்டும்தான் எனக்குக் கைகொடுத்தன. நுவரெலியாப் பக்கம் ஓடும் பஸ்ஸின் பின்கண்ணாடிக்கு நிழல், மினுக்கம் எதையும் இப்போது வைப்பதில்லை. அண்ணன்மார் கேட்டால் ஒரு தாளில் அடித்து, வாசலுக்கு வெளியே பனியில் பிடித்துக் காட்டுவேன். பார்த்தவுடனே வேண்டாம் என்பார்கள்.

எழுத்து மிகவும் தடிப்பாக வேண்டுமென்றால் பலூ தம்பி 2 என்ற எழுத்துருவை எடுக்கிறேன். அது 400 (சாதாரணம்) முதல் 800 (மிகத் தடிப்பு) வரை தடிப்புகளில் கிடைக்கிறது. நேர் எழுத்துதான், ஆனால் 6 பாகைக்குள் சாய்த்தால் அதன் உருண்டை உடம்பு தாங்குகிறது. கிரிக்கெட் பெனருக்கு, டீசேர்ட்டுக்கு அருமை. கவிவாணரின் அழகு அதில் வராது, பலம் வரும்.

கண்ணீர் அஞ்சலிக்குச் சரிந்த எழுத்து போடவே மாட்டேன். இறந்தவர் பெயர் நின்ற எழுத்தில், நிதானமாக இருக்க வேண்டும். மும்மொழிப் பலகைக்கும் வேண்டாம். மேலே சிங்களம் நேராக நிற்க, நடுவில் தமிழ் மட்டும் சரிந்தால் நம் எழுத்து இரண்டாந்தரமாகத் தெரிகிறது. அது எனக்கு வலிக்கும்.

அப்புறம், வெளியே அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துகளை மறக்காமல் வளைகோடுகளாக (கர்வ்ஸ், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக) மாற்றிவிடுங்கள். அங்கே இந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். புள்ளியைத் தூக்கி வைத்த உங்கள் ஒரு மணிநேர வேலையும் அதோடு போய்விடும்.